புதிதாகச் சேர்ந்த குழுவில் விதியை மாற்றச் சொல்வது எப்படி?

ஓர் இணைய விவாதக் குழுவில் சேர்ந்த மூன்றாவது வாரம், அதன் நிர்வாகிகளுக்கு நீளமாக ஒரு மடல் எழுதினேன். மொத்தம் 14 யோசனைகள். எண் போட்டு, துணைத் தலைப்பு கொடுத்து, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதியது. பத்து நாள் கழித்து ஒருவர் மட்டும் ‘நன்றி, பார்க்கிறோம்’ என்று பதில் போட்டார். யாரும் பார்க்கவில்லை. இவர்களுக்கு மாற்றம் என்றாலே ஆகாது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, சில மாதங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து அதே குழுவில் மட்டுறுத்தும் வேலை, அதாவது விதி மீறும் செய்திகளைக் கவனித்துச் சரிசெய்யும் வேலை, என் தலையில் விழுந்தது. பழைய மடல்களைப் புரட்டியபோது என்னுடையதும் அகப்பட்டது. 14 யோசனைகளில் ஒன்பது, ‘இதை நிர்வாகிகள் கவனிக்க வேண்டும்’ என்றே முடிந்திருந்தன. அன்றைக்கு இருந்த நிர்வாகிகளோ மூன்று பேர். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துவிட்டு, தூங்கப் போவதற்கு முன் கிடைக்கிற அரை மணி நேரத்தில் குழுவைக் கவனித்துக்கொண்டவர்கள். நான் கேட்டவற்றையெல்லாம் செய்திருந்தால் அவர்கள் தூங்கியே இருக்க முடியாது.

ஒரு விதியைப் போடுவது சுலபம். அதை நாள்தோறும் யாராவது சுமக்க வேண்டும். யோசனை சொல்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்த ஆளைத்தான். நீங்கள் இப்போதுதான் ஒரு குழுவில் சேர்ந்து, ஏதோ சரியில்லை என்று நினைத்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தால், சொல்லுங்கள். ஆனால் நான் சொன்ன மாதிரி வேண்டாம்.

முதல் படி: எழுதி வையுங்கள், அனுப்பாதீர்கள்

புதியவரின் கண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு. பழகியவர்கள் தாண்டிப் போய்விடுகிற கல்லில் அவர் கால் இடறும். இரண்டு மாதம் போனால் அவரும் தாண்டப் பழகிவிடுவார். ஆகவே இடறிய அன்றே தேதியோடு குறித்து வையுங்கள்: எந்த இழையில் (ஒரு கேள்வியும் அதற்கு வந்த மறுமொழிகளும் சேர்ந்த தொடர்), என்ன செய்யப் போனபோது, என்ன நடந்தது என்று.

அதை அப்போதே அனுப்பத் துடிக்கும். ஒரு மாதம் பொறுங்கள். பிறகு எடுத்துப் படித்தால் பாதி தானாக உதிர்ந்துவிடும். ‘தேடும் வசதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை’ என்பது போன்றவை உங்கள் அவசரத்தால் வந்தவை. மற்றவர்களும் அதே இடத்தில் இடறுவதை நீங்கள் இதற்குள் பார்த்திருந்தால், அந்தக் குறிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இந்த விதி எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தது?

எங்கள் குழுவில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. கேள்வி கேட்டவர், பதில் வந்த பிறகு தன் இழையை நீக்கக் கூடாது. எழுதியவருக்குத் தான் எழுதியதை நீக்க உரிமை இல்லையா? என் 14 யோசனைகளில் இரண்டாவது இதை எடுத்துவிடச் சொல்லித்தான். பின்னால் தெரிந்த கதை இது: ஒருவர் கேள்வி கேட்டார். ஆறு பேர் தங்கள் மாலைப் பொழுதைச் செலவழித்து விரிவாகப் பதில் எழுதினார்கள். தனக்கு வேண்டியது கிடைத்ததும் அவர் இழையையே நீக்கிவிட்டார். ஆறு பேரின் எழுத்தும் அதோடு போயிற்று. அவர்களில் இருவர் அதற்குப் பிறகு குழுவில் எழுதவே இல்லை. விதியின் வாசகத்தில் இதில் ஒரு சொல்கூடக் கிடையாது. படிக்கிறவருக்கு அடாவடியாகத்தான் தோன்றும்.

எனவே பழைய உறுப்பினர் ஒருவரிடம் கேளுங்கள். ‘ஏன் இப்படி ஒரு விதி?’ என்று கேட்டால் அவர் வக்கீலாகிவிடுவார். ‘இது எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தது?’ என்று கேட்டால் கதைசொல்லியாகிவிடுவார். உங்களுக்கு வேண்டியது கதை. சில சமயம், ‘யாருக்குத் தெரியும், வெகுநாளாக இருக்கிறது’ என்று பதில் வரும். அப்படி வந்தால் உங்கள் கை ஓங்கியது என்று பொருள். பிறந்த காரணமே மறந்துபோன விதியைக் கட்டிக்காக்க யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

‘எங்கள் பழைய குழுவில் இப்படித்தான் செய்வோம்’ என்ற வாக்கியத்தை மட்டும் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நடத்தும் நெறிமுறைகளைத் தொகுத்து 1876-இல் வெளியிட்ட ஹென்றி ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளராக இருந்தவர். 1863-இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எப்படி நடத்துவதென்று தெரியாமல் கூட்டம் கலகலத்துப்போனது. அந்த அவமானத்தில்தான் அவர் படிக்கத் தொடங்கினார். பின்னர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றலாகிப் போனபோது இன்னொன்றையும் கண்டார். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே கூட்டம் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் ஊர் முறைதான் சரியான முறை என்று நம்பினார்கள். பேச வந்த விஷயத்தை விட்டுவிட்டு, எப்படிப் பேசுவது என்பதிலேயே சண்டை. உங்கள் பழைய குழு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இங்கே இருப்பவர்களுக்கு அது வேற்றூர்தான்.

மூன்றாம் படி: எண்ணிப் பாருங்கள்

‘ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, சலிப்பாக இருக்கிறது.’ எல்லாக் குழுக்களிலும் கேட்கும் புலம்பல் இது. இப்படியே சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது.

பின்னொரு நாள் இன்னொரு குழுவில் புதிதாகச் சேர்ந்தபோது, புலம்புவதற்கு முன் எண்ணிப் பார்த்தேன். கடைசியாக வந்த 60 கேள்விகளைப் பின்னோக்கிப் படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது. ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டவை 17. நான் நினைத்ததைவிடக் குறைவு. அந்தப் பதினேழிலும் 11 கேள்விகள் மூன்றே விஷயங்களைப் பற்றியவை. எண்ணுவதற்கு முன் என் மனத்தில் இருந்த யோசனை, ‘முன்பு கேட்டதைத் திரும்பக் கேட்கத் தடை’ என்பது. எண்ணி முடித்தபோது அது தேவையே இல்லை என்று தெரிந்தது. மூன்று நல்ல பதில்களை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தால் போதும். தொல்லையின் அளவு தெரியாதவரை மருந்தின் அளவும் தெரியாது.

நான்காம் படி: விதியா, வசதியா, வழக்கமா?

நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு தொல்லையை மூன்று வழிகளில் தீர்க்கலாம். விதி போட்டால் அதை மீறுகிறவரைக் கண்டுபிடிக்கவும், எச்சரிக்கவும், அவர் சண்டைக்கு வந்தால் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். வசதி என்றால் ஒருமுறை அமைத்துவிட்டால் தானே வேலை செய்யும். அமைக்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான். வழக்கம் என்பது பழைய உறுப்பினர்கள் நாலைந்து பேர் ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்துகாட்டுவது. புதியவரை வரவேற்று ஒரு வரி எழுதுவது போல. அதற்குச் செலவே இல்லை. ஆனால் பெரும்பாலான யோசனைகள் விதியைத்தான் கேட்கின்றன, ஏனென்றால் விதி கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்.

வசதிகள் தாமாகவே வேலை செய்கின்றன என்பதால் அவற்றில் ஆபத்தும் உண்டு. யாரும் கவனிக்காமலே அவை ஆட்களை மாற்றிவிடும். விருப்பக்குறி (‘லைக்’) போடும் வசதி வந்த குழுவில், சில மாதங்களில் எழுத்து குட்டையாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நீண்ட பொறுமையான விளக்கத்துக்கு மூன்று குறி, ஒரு கிண்டலுக்கு முப்பது. எதை எழுதுவார்கள்? யூடியூப் 2021 நவம்பரில் வெறுப்புக்குறிகளின் எண்ணிக்கையைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்தது. பொத்தான் இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆட்கள் திரண்டு வந்து ஒருவரைக் குறிவைத்து அந்த எண்ணை ஏற்றுவதைக் குறைக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒரு சின்ன எண்ணைக் காட்டுவதா மறைப்பதா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

வரிசைப்படுத்துவதும் அப்படித்தான். கூடுதல் வாக்கு வாங்கிய மறுமொழியை மேலே காட்டினால், முதலில் வந்தவர் மேலேயே உட்கார்ந்துவிடுவார். மேலே இருப்பதால் எல்லோரும் அதைப் படிப்பார்கள். படிப்பதால் வாக்கு கூடும். நிதானமாக யோசித்து மாலையில் எழுதியவருக்கு இடமில்லை. ரெடிட் என்ற விவாதத் தளம் 2009-இல் இதற்கு ஒரு மாற்று முறையைக் கொண்டுவந்தது. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, கிடைத்த வாக்குகளில் ஆதரவு எத்தனை பங்கு, அந்தப் பங்கை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் முறை. தாமதமாக வந்த நல்ல மறுமொழியும் மேலே ஏற வழி பிறந்தது. யாரையும் கண்டிக்கவில்லை, ஒரு விதியும் எழுதவில்லை.

சுமையைப் பங்கிடுவதற்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில், மட்டுறுத்தும் அதிகாரத்தை வழக்கமாக வந்துபோகிற உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். சிலருக்கு அவ்வப்போது ஐந்து புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளியால் ஒரு மறுமொழியின் மதிப்பை ஒரு படி ஏற்றலாம் அல்லது இறக்கலாம். சில நாட்களில் பயன்படுத்தாவிட்டால் காலாவதியாகிவிடும். தான் பங்கெடுக்கும் விவாதத்தில் அந்தப் புள்ளிகளைச் செலவழிக்க முடியாது. அதிகாரம் துளித்துளியாக வருகிறது, நிலைக்காமல் போய்விடுகிறது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இது பொருந்தாது என்பது வேறு விஷயம்.

ஐந்தாம் படி: வாசகத்தை நீங்களே எழுதுங்கள்

யோசித்துப் பார்த்து, விதிதான் வேண்டும் என்று ஆகிவிட்டதா? சரி, அப்படியே சொல்லாதீர்கள், வாசகத்தோடு போங்கள்.

‘உறுப்பினர்கள் பண்போடு நடந்துகொள்ள வேண்டும்.’ எத்தனை குழுக்களில் இந்த வரி இருக்கிறது! இதை வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு ஒரு மட்டுறுத்துநர் என்ன செய்வார்? திட்டியவர் தன்னைப் பண்பாளர் என்றுதான் நினைக்கிறார். இதே விதியை, ‘கருத்தைச் சாடலாம், அதைச் சொன்னவரின் படிப்பு, தொழில், குடும்பம், தோற்றம் பற்றிப் பேசக் கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது மறுமொழியைப் படித்துவிட்டு, மீறப்பட்டதா இல்லையா என்று விரலை வைத்துக் காட்டலாம். விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் ஒரு விதி: ஒரு பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் பிறர் செய்த மாற்றங்களை மூன்று முறைக்கு மேல் திருப்பிப் போடக் கூடாது. எது நல்ல மாற்றம் என்ற வம்புக்கே அது போகவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

எழுதியதைச் சோதிக்க ஒரு வழி: குழுவிலிருந்து பழைய செய்திகள் நான்கைந்தை எடுத்து, பெயரை மறைத்து, இரண்டு நண்பர்களிடம் தனித்தனியே கொடுங்கள். உங்கள் விதியை வைத்து இருவரும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் வாசகம் தேறியது. ஒருவர் மீறல் என்றும் மற்றவர் இல்லை என்றும் சொன்னால் திருத்துங்கள். நான் இரண்டாவது தடவையில் தேறியதே அபூர்வம்.

மீறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். முதல் தவறுக்கே வெளியேற்றம் என்று எழுதியிருந்தால் நடைமுறையில் ஒன்றுமே நடக்காது. யாருக்கும் கை வராது. எலினோர் ஆஸ்ட்ரம் பொதுவான நீர்நிலைகளையும் காடுகளையும் மீன்பிடி நீர்ப்பரப்புகளையும் மக்கள் எப்படித் தாங்களே நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான், 2009-இல். நெடுங்காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுத் தன்மைகளில் இரண்டு நமக்கு உதவும். முதல் மீறலுக்குச் சிறிய தண்டனை, அது தொடர்ந்தால் படிப்படியாகப் பெரிது. இன்னொன்று, விதிக்கு உட்பட்டவர்களுக்கே அதை மாற்றுவதிலும் பங்கு இருக்கிறது. முதலில் தனிச்செய்தியில் ஒரு நினைவூட்டல், அடுத்து ஒரு நாள் எழுதத் தடை, பிறகு ஒரு வாரம் என்று போகட்டும்.

ஆறாம் படி: மடல்

ஒரு மடலில் ஒரே ஒரு யோசனை. மேலே சொன்ன 60 கேள்விகளை எண்ணிய பிறகு நான் அனுப்பியது இது, அப்படியே தருகிறேன்:

‘கடந்த 60 கேள்வி இழைகளைப் படித்தேன். 17 கேள்விகளுக்கு இங்கேயே முன்பு பதில் இருக்கிறது. அவற்றில் 11 கேள்விகள் மூன்று விஷயங்களைப் பற்றியவை, பட்டியல் கீழே. அந்த மூன்றுக்கும் ஏற்கெனவே வந்த நல்ல பதில்களைத் தொகுத்து முகப்பில் நிலையாக வைக்கலாமா? தொகுக்கும் வேலையை நான் செய்கிறேன். முகப்பில் ஏற்றுவதற்கு மட்டும் உங்களில் ஒருவர் வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும். திரும்பக் கேட்பதற்குத் தடை போடலாமா என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கேள்வியையும் யாராவது பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம். அடுத்த 60 கேள்விகளையும் நானே எண்ணிச் சொல்கிறேன். குறையவில்லையென்றால் எடுத்துவிடலாம்.’

யார் செய்வது என்பது இதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. கைவிட்ட மாற்று வழியும் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியை மேம்படுத்தும் யோசனைகளுக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒரு முறையான ஆவண வடிவம் உண்டு. அதன் மாதிரியில் நிராகரித்த யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அதை முன்கூட்டியே எழுதிவிட்டால், ‘ஏன் இப்படிச் செய்யக் கூடாது?’ என்று தொடங்கும் மறுமொழிகளில் பாதி வராது. எடுத்துவிடும் தேதியும் இருக்கிறது. ‘என்றைக்கும்’ என்று கேட்டால் தயங்குகிறவர்கள், ‘மூன்று மாதம்’ என்றால் சரி என்கிறார்கள்.

பொதுவில் எழுதுவதா, நிர்வாகிகளுக்குத் தனியாக எழுதுவதா? தனிமனிதர் யாரையாவது தொடுகிற விஷயம் என்றால் தனியாக. மற்றவை பொதுவில்.

ஏழாம் படி: விவாதம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள்

யோசனை பெரியதாக இருந்தால் யாரும் பேசமாட்டார்கள். சின்னதாக இருந்தால் எல்லோரும் பேசுவார்கள். 1957-இல் பார்க்கின்சன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் கற்பனையாக ஒரு நிர்வாகக் குழுவைக் காட்டினார்: அணு உலை கட்டும் திட்டம் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும், சைக்கிள் கொட்டகைக்கு மட்டும் முக்கால் மணி நேரம் வாதம். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் தெரியும். உங்கள் யோசனையிலும் யாராவது கொட்டகையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மடலில் அது, மூன்று பதில்களுக்கும் என்ன தலைப்பு வைப்பது என்பது. 31 மறுமொழிகள். எந்தத் தலைப்பானாலும் எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு மறுப்புக்கும் உடனே பதில் எழுதினால் விவாதம் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் நடக்கிற மல்யுத்தமாகிவிடும். ஒரு நாள் விட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுங்கள். யாருடைய மறுப்பு சரியோ அதை ஏற்றுத் திருத்தியதாக அதிலேயே சொல்லுங்கள்.

வாக்கெடுப்புக்கு அவசரப்பட வேண்டாம். இணையத்தின் தொழில்நுட்ப விதிமுறைகளை வகுக்கிற பணிக்குழு ஒன்று, எதையும் தலை எண்ணித் தீர்மானிப்பதில்லை. கூட்டத்தில் ஆதரவு எந்தப் பக்கம் என்று அறிய எல்லோரையும் ‘ம்ம்’ என்று முனகச் சொல்வார்கள்! மன்னரும் வேண்டாம், தலைவரும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், ஏறத்தாழ ஒத்த கருத்தும் ஓடுகிற நிரலும் (உண்மையில் வேலை செய்துகாட்டும் மென்பொருள்) போதும் என்று 1992-இல் இணைய முன்னோடிகளில் ஒருவரான டேவிட் கிளார்க் அங்கே சொன்னதைத்தான் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். நூறு பேர் ஆதரித்து ஒருவர் மறுத்தாலும், அந்த ஒருவர் சொல்கிற காரணத்துக்குப் பதில் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. சிறிய குழுக்களுக்கு இது மிகவும் ஏற்றது. 12–10 என்று வென்ற விதியை, தோற்ற பத்துப் பேர் தினமும் உரசிப் பார்ப்பார்கள்.

நிராகரித்தால்? காரணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆறு மாதம் விட்டுவிடுங்கள். அதே யோசனையை வேறு சொற்களில் மறுவாரமே கொண்டுவருகிறவரைப் போல நிர்வாகிகளைச் சோர்வடையச் செய்பவர் வேறு யாரும் இல்லை.

ஏற்றுக்கொண்டால், சொன்ன தேதியில் எண்ணுங்கள்

மூன்று மாதம் கழித்து அடுத்த 60 கேள்விகளை எண்ணினேன். அந்த மூன்று விஷயங்களைப் பற்றியவை 11-லிருந்து 4 ஆகியிருந்தன. மகிழ்ச்சியோடு குழுவில் அறிவித்தேன். பழைய உறுப்பினர் ஒருவர், ‘புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று எண்ணினீர்களா?’ என்று கேட்டார்.

எண்ணவில்லை. உட்கார்ந்து எண்ணினேன். முந்தைய மூன்று மாதத்தைவிடக் குறைவு. ஒரு சின்னக் கேள்வி கேட்டு, யாராவது பதில் சொல்லி, அதற்கு நன்றி சொல்லித்தான் பலர் குழுவுக்குள் வந்திருக்கிறார்கள். பதிலை வாசலிலேயே ஒட்டிவைத்ததும் படித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள்.

மூன்று பதில்களின் அடியிலும் ஒரு வரி சேர்த்தோம்: ‘படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். இது முன்பே கேட்டதுதானே என்று இங்கே யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.’ யாராவது கடிந்துகொள்கிறார்களா என்று பார்ப்பது யார் வேலை என்ற கேள்வி உடனே வந்தது. என் வேலைதான். மாதத்தின் முதல் ஞாயிறு அரை மணி நேரம் அதற்குப் போகிறது.